மாநகராட்சி இணையதளம் எதில் இயங்க வேண்டும்?

ஒரு மாநகராட்சியின் இணையதளத்தைப் பல துறைகள் சேர்ந்து எழுதுகின்றன. சொத்து வரி, குடிநீர், சுகாதாரம், பூங்கா, நூலகம், கட்டட அனுமதி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் அதில் பக்கங்கள் உண்டு. அவற்றை எழுதுகிறவர்கள் நிரலாளர்கள் அல்லர்; வேறு பத்து வேலைகளுக்கு நடுவே இதையும் பார்த்துக்கொள்ளும் அலுவலர்கள். அவர்கள் எழுதுவதை வாங்கி மக்களிடம் கொண்டுசேர்க்கும் மென்பொருளே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. சிஎம்எஸ் என்ற சுருக்கப் பெயர்தான் புழக்கத்தில் அதிகம். அலுவலர் தட்டச்சு செய்வதற்கு ஒரு திரை, தட்டச்சு செய்ததைச் சேமிக்க ஒரு தரவுத்தளம், சேமித்ததை எடுத்து நகரத்தின் முத்திரையோடும் வண்ணத்தோடும் பக்கமாக அடுக்கித் தர ஒரு வார்ப்புரு. இவை மூன்றும்தான் அதன் முக்கிய உறுப்புகள். கைப்பேசியில் ஒருவர் இணைப்பைத் தொட்டதும், அந்தப் பக்கத்துக்கு உரியவற்றைத் தரவுத்தளத்திலிருந்து திரட்டி, வார்ப்புருவில் பொருத்தி, நொடிப்பொழுதில் அனுப்பிவிடுகிறது. அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை முன்கூட்டியே செய்து தயாராக வைத்துக்கொள்வதும் உண்டு. வெள்ளம் வரும் நாளில் ஊரே ஒரே நேரத்தில் தளத்துக்குள் நுழையும்போது அது படுத்துவிடாமல் தாங்குவதற்கு இந்த ஏற்பாடு பெரிதும் உதவுகிறது. யார் எழுதலாம், யார் சரிபார்த்து வெளியிடலாம், நேற்றுவரை அங்கே இருந்த வாசகம் என்ன என்ற கணக்கையும் அதுவே வைத்திருக்கும்.

இத்தகைய அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் முகப்பைச் சுற்றியே நடக்கும்: படம் எவ்வளவு பெரிதாக ஓடுகிறது, நிறம் எப்படி இருக்கிறது, எத்தனை வசதிகள் பட்டியலில் உள்ளன. இவை எல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியவை. நகரத்தின் தகவலோ எந்த மென்பொருளையும்விட நீண்ட ஆயுள் கொண்டது. குப்பை எடுக்கும் நாள், மயானத்தின் தொலைபேசி எண், பிறப்புச் சான்றிதழுக்கான கட்டணம் ஆகியவை மென்பொருள் நான்கு முறை மாறினாலும் தேவைப்படும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த அமைப்பு தகவலை எந்த வடிவில் சேமிக்கிறது, கேட்டால் அதே வடிவில் திருப்பித் தருமா என்பதே. மற்றவை அதற்குப் பின்னால் வர வேண்டும் என்பது என் வாதம்.

ஒரு சிறிய அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். எழுதும் திரையில் பெரிய வெற்றுப் பெட்டி ஒன்று மட்டும் இருந்தால் அலுவலர் இப்படித்தான் எழுதுவார்: 'விடுமுறையை முன்னிட்டு 12, 13 மற்றும் 14ஆம் வார்டுகளில் திங்கட்கிழமைக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை குப்பை எடுக்கப்படும்.' படிக்கிறவருக்கு நன்றாகப் புரிகிறது. கணினிக்கோ இது வெறும் எழுத்து வரிசை. இதில் எது வார்டு, எது நாள் என்று அதற்குத் தெரியாது. வேறோர் அமைப்பில் இதே செய்தி தனித்தனிக் கட்டங்களில் நுழைகிறது: எந்தச் சேவை, எந்த வார்டுகள், வழக்கமான நாள், மாற்று நாள், அறிவிப்பு எந்தத் தேதிவரை செல்லும். அலுவலருக்குக் கூடுதலாகச் சில நிமிட வேலை. அதற்குக் கிடைக்கும் பலன் பெரிது. 13ஆம் வார்டில் இருப்பவர் தன் தெருப் பெயரைக் கொடுத்தால் அவருக்குரிய நாள் மட்டும் வரும்படி செய்யலாம். தேதி கடந்ததும் அறிவிப்பு தானாகவே இறங்கிவிடும். அதே தகவலைச் செயலியும் குறுஞ்செய்திச் சேவையும் எடுத்துக்கொள்ளும். பத்துப் பக்கங்களில் தேடித் திருத்த வேண்டியதை ஓரிடத்தில் திருத்தினால் போதும். போன வருடத்து விடுமுறை அறிவிப்பு இன்னும் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தால் பழி அலுவலர்மேல்தான் விழுகிறது. ஆனால் அவருக்குத் தேதிக் கட்டமே தராத மென்பொருளுக்கும் அதில் பங்குண்டு.

இந்தக் கண்ணோடு பார்த்தால் பிரபலமான அமைப்புகளின் குணம் தெளிவாகிறது. வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வலைப்பதிவுக் கருவியாக வெளிவந்தது. இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில் இயங்குகின்றன. எழுதப் பழகுவதற்கு அது எளிது. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து பத்தி, படம், பொத்தான் எல்லாவற்றையும் துண்டு துண்டாக அடுக்கிப் பக்கத்தை உருவாக்கலாம். ஆனால் அப்படி அடுக்கியவை அத்தனையும், இடையிடையே குறிப்புகள் செருகிய ஒரே நீண்ட எச்டிஎம்எல் உரையாகத் தரவுத்தளத்தின் ஒரே கட்டத்துக்குள் போய் உட்காருகின்றன. தனிக்கட்டங்கள் வேண்டுமென்றால் செருகுநிரல்களால் சேர்த்துக்கொள்ளலாம். திறமையானவர்கள் அமைத்தால் நன்றாகவே வேலை செய்யும். அதே சமயம், ஒவ்வொரு செருகுநிரலும் வேறொருவர் கையில் இருக்கும் பொருள். அவர் கைவிட்டால் நகரம் தவிக்கும். ட்ருபல் 2001 ஜனவரியில் வெளிவந்தது; பெல்ஜியத்தில் மாணவராக இருந்த ட்ரீஸ் பைடார்ட் எழுதியது. 2011இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து தனிக்கட்டங்கள் அதன் அடிப்படைக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் தரவுத்தளத்தில் தனி அட்டவணை. ஜெர்மன் உள்ளாட்சிகளில் வேரூன்றிய டைப்போ3, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ப்ளோன் ஆகியவையும் தகுதியானவையே. ஒரு நகரத்துக்கு அருகிலேயே அவற்றை அறிந்த ஆட்கள் இருந்தால் தயங்கத் தேவையில்லை.

தனிக்கட்டங்களின் பலனுக்கு நல்ல சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 300க்கு மேற்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் உள்ளன. அவற்றின் கடமைகள் பெருமளவு ஒத்தவை: குப்பை, உள்ளாட்சி வரி, வாகன நிறுத்தம், முதியோர் பராமரிப்பு. இருந்தும் ஒவ்வொரு மன்றமும் தனியாக டெண்டர் விட்டு, ஏறக்குறைய ஒரே மாதிரியான தளத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்துவந்தது. பிரைட்டன் அண்ட் ஹோவ் என்ற கடற்கரை நகரம் தன் ட்ருபல் தளத்தின் நிரலைப் பகிர்ந்துகொள்ள, 2019இல் தெற்கு லண்டனின் குரோய்டன் மன்றம் அதை எடுத்து வளர்க்கத் தொடங்கியது. உள்ளாட்சிகளின் மின்னணுப் பணிகளுக்காக அரசு வைத்திருந்த நிதியும் கைகொடுத்தது. அப்படி உருவானதே லோக்கல்கவ் ட்ருபல். பல மன்றங்கள் இன்று அதில் இணைந்துள்ளன. அதைத் திறந்து பார்த்தால், உள்ளாட்சி அலுவலகத்தின் அனுபவம் கட்டங்களாக உறைந்திருப்பது தெரியும். ஒரு சேவையை விவரிக்கும் பக்கத்துக்கு ஒரு வகை, படிப்படியாகச் செய்ய வேண்டிய காரியத்துக்கு வேறு வகை, இடங்களின் பட்டியலுக்கு இன்னொன்று. அவசர அறிவிப்புப் பட்டையில்கூடச் சாதாரண அறிவிப்பு, சிறிய அவசரம், பெரிய அவசரம், முக்கியப் பிரமுகரின் மறைவு என்று நான்கு தரங்கள். கடைசி வகை எந்தப் பொது மென்பொருள் நிறுவனத்தின் மனத்திலும் எளிதில் தோன்றாது. அந்த மாதிரி நாளில் தளத்தின் தோற்றத்தை அவசரமாக மாற்றவேண்டிவரும் அலுவலருக்கு மட்டுமே தோன்றும். ஒரு மன்றம் யோசித்துச் செய்ததை மற்றவை இலவசமாகப் பெறுகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரமும் 2016 ஜூலையில் ட்ருபலில் புதிய தளத்தைத் தொடங்கி, விரைவிலேயே அதன் நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது.

நிரலை ஊரறியத் திறந்துவைத்தால் திருடனுக்கும் வழி தெரிந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. அதை ஒதுக்கிவிட முடியாது. 2014 அக்டோபர் 15 அன்று ட்ருபலில் கடுமையான ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டு, அதற்கான திருத்தமும் வெளியானது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டதாகவே கருதிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வாரம் கழித்து ட்ருபலின் பாதுகாப்புக் குழுவே எச்சரித்தது. ஏழு மணி நேரம் என்பது ஓர் அலுவலகக் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்கும் போதாது. 2018 மார்ச்சில் மீண்டும் அதே தரத்தில் ஓர் ஓட்டை. இம்முறை குழு ஒரு வாரம் முன்னதாகவே நாளைச் சொல்லி, தயாராக இருக்கும்படி கேட்டுக்கொண்டது. மூடிய மென்பொருளிலும் ஓட்டைகள் உண்டு. அங்கே அவற்றை எப்போது சொல்வது, சொல்வதா என்பதெல்லாம் விற்றவர் கையில். அதே 2018 பிப்ரவரி 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கங்களை வாய்விட்டுப் படித்துக்காட்டும் தனியார் கருவி ஒன்றுக்குள் யாரோ கிரிப்டோ நாணயம் அகழும் நிரலை நுழைத்தார்கள். அந்தக் கருவியை ஒரே வரி இணைப்பால் சேர்த்திருந்த 4,000க்கு மேற்பட்ட தளங்கள், வந்தவர்களின் கணினிகளைத் திருட்டு வேலைக்கு விட்டன. பிரிட்டனின் தரவுப் பாதுகாப்பு ஆணையரின் தளமே அதில் ஒன்று. தளம் எதில் இயங்கினாலும், இரவில் எச்சரிக்கை வந்தால் எழுந்து திருத்துகிறவர் யார், அவருக்கு மாதந்தோறும் சம்பளம் தர வழியிருக்கிறதா என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும். உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காகப் பராமரிப்புச் செலவையும் இல்லையென்று கணக்கெழுதுவதுதான் திறந்த மூல மென்பொருளை வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: ட்ருபல் கடினம். உண்மைதான். ஏழாம் பதிப்பிலிருந்து 2015இல் வந்த எட்டாம் பதிப்புக்குப் போவது மேம்படுத்தல் அன்று, ஏறக்குறைய மறுகட்டுமானம். அதனால்தான் ஏழாம் பதிப்பின் ஆதரவை 2021இலேயே நிறுத்தத் திட்டமிட்டவர்கள் பலமுறை தள்ளிப்போட்டு, 2025 ஜனவரி 5 அன்றுதான் நிறுத்தினார்கள். அந்தக் காலகட்டத்தின் வலி என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. கட்டங்களில் இருந்த தகவலை நிரல் எழுதிப் புதிய வீட்டுக்கு மாற்ற முடிந்தது. வெற்றுப் பெட்டிகளில் கொட்டியிருந்ததை யாராவது உட்கார்ந்து கையால் பிரிக்க வேண்டியிருந்தது. கணினிப் பிரிவு என்று தனியாக ஒன்றில்லாத சிறு நகரங்களுக்கு வேறு வழி தேவைதான். உள்ளாட்சிகளுக்கென்றே சேவை நடத்தும் கேன்சஸ் மாநிலத்தின் சிவிக்பிளஸ் போன்ற நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுப்பது அவற்றுக்குப் பொருத்தமாக இருக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை. வாடகை முடியும் நாளில் எதை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்பது மட்டும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

வடிவம் சரியில்லாமல் சேமித்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் இணையம் சொந்த அனுபவத்தில் கற்றிருக்கிறது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு எழுத்துக் குறியீடுகளை அறிவித்த பின்னும் தனியார் எழுத்துருக்கள் பல புழங்கின. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கங்கள் புரியாத குறிகளாகவே தெரிந்தன, தேடுபொறிக்கும் அகப்படவில்லை. 2010இல் அரசு யூனிகோடை ஏற்ற பின்பும் பழைய பக்கங்களை மாற்றும் வேலை மிச்சமிருந்தது. பல மொழிகளில் பேசும் நகரங்கள் இதில் கவனமாக இருப்பது நல்லது. ட்ருபலில் எட்டாம் பதிப்பு முதல் பன்மொழி வசதி அடிப்படையிலேயே இருக்கிறது. கட்டம் கட்டமாக மொழிபெயர்த்து, எது மொழிபெயர்க்கப்படாமல் நிற்கிறது என்று பார்க்கலாம். வேர்ட்பிரஸில் இன்றும் அதற்குச் செருகுநிரல்தான்.

பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளும் இதே கட்டங்களைத்தான் நம்பியிருக்கிறது. எது தலைப்பு, எது பட்டியல், படத்தில் என்ன இருக்கிறது என்று பக்கம் சொன்னால் அதுவும் சொல்லும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்பில் அதற்குச் சொல்ல ஒன்றுமே கிடைப்பதில்லை. மாநகராட்சித் தளங்களில் மிக முக்கியமான ஆணைகள் பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கின்றன என்பது வருத்தத்துக்குரியது. பிரிட்டன் 2018இலும் அமெரிக்க நீதித்துறை 2024 ஏப்ரலிலும் தளங்கள் இவர்களுக்கும் பயன்படுவதற்கான விதிகளை உள்ளாட்சிகள்மேல் விதித்தன. படத்துக்கு விளக்கம் எழுதாமல் சேமிக்கவே விடாத திரை, சுற்றறிக்கைகள் பத்தைவிட அதிகம் சாதிக்கும்.

எனவே நிறுவனங்கள் விளக்கம் தர வரும்போது முகப்பைக் காட்டச் சொல்வதற்கு முன்பு, நகரத்தின் உண்மையான பழைய பக்கங்கள் சிலவற்றை அவர்களிடம் கொடுத்து ஏற்றச் சொல்ல வேண்டும். நூலகப் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்து, பயிற்சி எதுவுமின்றி நூலக நேர மாற்றத்தை வெளியிடச் சொல்ல வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை அருகில் இருந்து பார்க்க வேண்டும். பிறகு ஏற்றிய அனைத்தையும் கட்டங்கள் பிரிந்தபடியே ஒரு கோப்பாக வெளியே எடுக்கச் சொல்லி, அதைப் போட்டி நிறுவனத்தின் அமைப்பில் ஏற்றிப் பார்க்க வேண்டும். எங்கெல்லாம் ஏறாமல் நிற்கிறதோ, அவையே ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய நிபந்தனைகள்: படங்கள் விளக்கங்களோடு வர வேண்டும், திருத்த வரலாறு தேதிகளோடு வர வேண்டும், ஒவ்வொரு பக்கத்தின் பழைய முகவரியும் பட்டியலாக வர வேண்டும். வரி ரசீதின் அடியில் அச்சான முகவரியை மூன்று வருடம் கழித்து ஒருவர் தட்டினாலும் புதிய தளத்தின் சரியான பக்கம் திறப்பதற்கு அந்தப் பட்டியல் தேவை.