ஆகாய விமானத்துக்குக் கன்னக்குழி!

நாற்காலியின் கால் ஆடினால் ஆசாரிக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் நாம். அமெரிக்காவிலோ ஆபீஸ் விட்டு வந்ததும் மோட்டார் ஷெட்டுக்குள் புகுந்துகொண்டு, சொந்தக் கையால் ஆகாய விமானமே செய்துகொள்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பொம்மை விமானம் அல்ல. கணவனும் மனைவியும் ஏறிக்கொண்டு ஊருக்கு ஊர் பறக்கக்கூடிய அசல் விமானம்!

ரிச்சர்டு வான்கிரன்ஸ்வன் என்ற என்ஜினீயர் 1971-ம் ஆண்டில் 'ஆர்.வி.3' என்னும் சிறிய அலுமினிய விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டார். பிறகு ஆரெகன் மாநிலத்தில் ஒரு கம்பெனி தொடங்கி, விமானத்துக்கு வேண்டிய தகடுகளைப் பெட்டிகளில் அடுக்கி விற்க ஆரம்பித்தார். அந்தப் பெட்டிகளிலிருந்து பிறந்து வானம் ஏறிய விமானங்கள் இன்று 11,000-க்கும் அதிகம். ஒன்றைக் கட்டி முடிக்கச் சாதாரணமாக 1,500 முதல் 2,000 மணி நேரம் பிடிக்கிறதாம். அதில் ஒரு பெரும் பங்கை விழுங்குபவை துவாரங்கள்!

விமானத்தின் தோல் மழமழவென்று இருக்க வேண்டும். ரிவெட் தலையோ ஸ்க்ரூ தலையோ மேலே துருத்திக்கொண்டிருந்தால் காற்று அதில் இடறும், வேகம் குறையும். 1935-ல் ஹோவர்டு ஹியூஸ் என்ற கோடீசுவரர் தம் பந்தய விமானத்தின் ரிவெட் தலைகளையெல்லாம் தோலோடு தோலாக அமுக்கிவிட்டார். மணிக்கு 352 மைல் வேகத்தில் பறந்து உலக சாதனையும் செய்தார். அன்று அவர் காட்டிய வழியில்தான் மோட்டார் ஷெட்டு விமானிகள் இன்றும் போகிறார்கள்.

ஸ்க்ரூ தலை உள்ளே அமிழ வேண்டுமானால் துவாரத்தின் வாயைக் குடைந்து அகலமாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். மரமானால் போதும். இந்தத் தகட்டின் கனம் என்ன தெரியுமா? ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 25 பங்கு. மிஞ்சினால் 32 பங்கு. ஸ்க்ரூ தலையின் உயரமோ ஏறக்குறைய 70 பங்கு! குடையப் போனால் தகடே மிஞ்சாது. ஆகவே குடைவதில்லை, குழிக்கிறார்கள். குழிப்பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பள்ளம், கீழே புடைப்பு. துவாரத்தைச் சுற்றித் தகட்டை அப்படி அழுத்திவிட்டால் ஸ்க்ரூ தலை அதற்குள் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். அடியில் இன்னொரு தகடு இருந்தால் அதிலும் அதே மாதிரி ஒரு குழி. இரண்டு சட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழாமல் அடுக்கினாற்போல் இரண்டும் கவ்விக்கொள்கின்றன. கன்னத்தில் விழுகிற குழிக்குச் சொல்லும் 'டிம்பிள்' என்ற பெயரையே அமெரிக்கர்கள் இதற்கும் வைத்திருக்கிறார்கள். ரசனை உள்ளவர்கள்தான்!

குழி விழவைக்க ஓர் ஆண் அச்சும் ஒரு பெண் அச்சும் வேண்டும். இரும்புச் சட்டத்தில் இரண்டையும் எதிரெதிராகப் பொருத்தி, நடுவே தகட்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். ஆண் அச்சின் மூக்கு துவாரத்துக்குள் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பாராமல் தட்டிவிட்டால் போச்சு! பக்கத்திலேயே புதிதாக ஒரு துவாரம் விழுந்து, இரண்டும் சேர்ந்து 8 என்ற எண்ணைப்போல் பல்லிளிக்கும்.

இடுக்கில் வந்த இடைஞ்சல்

வெட்டவெளியில் இருக்கும் துவாரங்களுக்கு இதெல்லாம் சரி. இறக்கைக்குள் விலா எலும்புகள்போல் 'ரிப்'கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் வால் பக்கம் குறுகிக்கொண்டே போய், கடைசியில் விரல் நுழையாத இடுக்காகிவிடும். அங்கேயும் துவாரங்கள் உண்டு. சட்டம் நுழையாது, சுத்தியலை ஓங்க இடம் இல்லை. இன்னும் சிலர், தகட்டை ரிவெட் அடித்து மூடிய பிறகு ஒரு துவாரத்தை மறந்துவிட்டோமே என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு அவர்கள் செய்யும் யுக்தியை நம் சைக்கிள் கடைக்காரர் பார்த்தாலும் தலையாட்டுவார். நடுவில் துளையுள்ள இரண்டு அச்சுகளையும் தகட்டின் இரு பக்கமும் வைத்து, ஒரு போல்ட்டைக் குறுக்கே செருகி, நட்டைப் போட்டு ஸ்பானரால் முடுக்குகிறார்கள். மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய். முடுக்க முடுக்க அச்சுகள் நெருங்கி வந்து தகட்டைக் குழித்துவிடுகின்றன. அடியே இல்லை! சின்ன ரிவெட் துவாரமானால் போல்ட்டுக்குப் பதில் ஓர் ஆணி. அதைப் 'பாப் ரிவெட்' போடும் கைக்கருவியால் பிடித்து இழுத்தால் போதும். பெண் அச்சு ரிப்பின் சுவரில் முட்டுகிறதா? அச்சின் ஒரு பக்கத்தைச் சாணையில் தேய்த்துச் சப்பையாக்கிக்கொள்கிறார்கள்.

சுத்தியலில் விழுகிற குழியின் கச்சிதம் இதில் சற்றுக் குறைவு. அதனால் முதலில் அதே கனமுள்ள துண்டுத் தகட்டில் ஒத்திகை பார்ப்பார்கள். குழித்த பிறகு ஸ்க்ரூவைப் போட்டு அதன்மேல் நகத்தை ஓட்டுவார்கள். இடறினால் இன்னும் அரைச் சுற்று.

மயிரிழை விரிசல்

குழிக்கும்போது துவாரத்தின் விளிம்பு விரிகிறது. துளையிட்டபோது ஏற்பட்ட பிசிரை வழித்து எடுக்காமல் விட்டால், அந்தப் பிசிரிலிருந்தே மயிரிழைபோல் ஒரு விரிசல் கிளம்பும். பறக்கும்போது என்ஜின் அதிர, அதிர, விரிசல் நீளும். கை நன்றாக எட்டும் இடத்தில் பிசிரை வழிக்க இரண்டு விநாடி. இடுக்கில்? முதுகு வளைந்து, டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, பல் டாக்டரின் கண்ணாடியைப்போல் ஒன்றை உள்ளே நீட்டிப் பார்த்து வழிக்க வேண்டும். 'இது ஒன்றுதானே, போகட்டும்' என்று மனசு சொல்லும் இடம் அதுதான்.

விரிசல் பயம் வீண் பயம் அல்ல. வான்கிரன்ஸ்வன் கம்பெனியே அதற்கு ஆளானது. தகடுகளில் துவாரங்களை லேசர் ஒளியால் வெட்டிவந்த காலத்தில், அப்படி வெட்டிய சில துவாரங்களின் ஓரத்தில், குழிக்கும்போது விரிசல் காண்பது 2023-ல் தெரியவந்தது. வாடிக்கைக்காரர்களுக்கு மாற்றுத் தகடுகள் கொடுக்கவேண்டி வந்தது. மற்றக் கஷ்டங்களும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024-ல்தான் மீண்டது. ஒரு துவாரத்தின் விளிம்பு என்னென்ன செய்கிறது பாருங்கள்!

அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய விமானத்தின் பெரும்பகுதியை அமெச்சூர்களே கட்டியிருக்க வேண்டும். 'பரிசோதனை' என்ற சொல்லையும் அதன்மேல் எழுதிவைக்க வேண்டும். சர்க்கார் சார்பில் ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருகிறார். ஆனால் மூடிப்போன இறக்கைக்குள் ஒவ்வொரு துவாரத்தையும் அவர் எப்படிப் பார்ப்பார்? வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் பிரயாணிகளை ஏற்றக்கூடாது. அதுவரை அந்தத் துவாரத்தை நம்பிப் பறக்கிறவர், அநேகமாக அதைக் குழித்தவரேதான்.

எப்படியும் எட்டாத துவாரத்தில், அது விமானத்தின் பலத்தைத் தாங்காத சாதாரண மூடியாக இருந்தால், குழியே வேண்டாம் என்று மேலே துருத்தும் உருண்டைத் தலை ஸ்க்ரூவைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. வேகம் ஒரு துளி குறையும். அவ்வளவுதானே!