விலாங்குச்சல்லியை மூழ்கடித்தது யார்?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அவற்றில் ஒன்று தூத்துக்குடியை ஒட்டிய விலாங்குச்சல்லி. பக்கத்திலுள்ள வான் தீவும் தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. 'கடல் மட்டம் உயர்கிறது, தீவுகள் மூழ்குகின்றன' என்றுதான் இதைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அது பாதிக் கதை. அலையின் வேகத்தைத் தணித்துவந்த பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் விற்றார்கள். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிய பிறகும் தோண்டுவது உடனே நிற்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகுதான் ஓய்ந்தது. பழியைக் காலநிலையின் தலையில் மட்டும் கட்டும் செய்தியில், பாறையை வாங்கியவரும் கண்டுகொள்ளாமல் விட்ட அதிகாரியும் நைசாக நழுவிவிடுகிறார்கள்.

உள்ளூர்க் காரணங்களையே பேசிக்கொண்டிருந்தால் புவி வெப்பமாதலை மக்கள் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பில் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. அந்தச் சூட்டை உள்ளூர்க் கடப்பாரையின் கணக்கில் எழுத முடியாது. எந்தச் சேதம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் நிருபரின் வேலை. வெள்ளச் செய்திக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. எந்த வடிகாலும் தாங்கியிருக்காதுதான். ஆனால் அப்போது உடைந்த குளக்கரைகளுக்கு வானிலை அறிக்கையில் விளக்கம் கிடைக்காது; அதற்குப் பராமரிப்புக் கணக்குகளைப் புரட்ட வேண்டும்.

அதற்கெல்லாம் நேரம் ஏது, அன்றைய செய்தி அன்றே போயாக வேண்டுமே என்பது ஆசிரியர் மேசையின் பதில். நேர நெருக்கடி உண்மை. ஆவணம் இல்லை என்பது மட்டும் உண்மையில்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை சூழலைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2013 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. வெளியூர் கேமராக்கள் கூட்டமாக வந்திறங்கியதோ, ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது நடந்த 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு. கடலடியை அன்றாடம் பார்க்கிற சங்கு குளிப்பவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் மைக் நீட்டுவதற்கு விபத்து நடக்க வேண்டியதில்லை.

வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பவளப்பாறைத் தொகுதிகளை இறக்கியிருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் வடிவமைப்பு. நல்ல வேலைதான், அரிப்பும் குறைந்திருக்கிறது. அந்தச் செலவுக்கு வந்த பணத்தில் காலநிலைத் தகவமைப்புக்கான தேசிய நிதியும் சேர்த்தி. பாறையை விற்றவர்களிடமிருந்து எவ்வளவு வசூலானது என்ற கேள்வியை இதுபற்றிய செய்திகளில் அபூர்வமாகவே காண முடிகிறது.