பேர் இரண்டு, மருந்து ஒன்று

லயத்தில் ஒருவருக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரியில் பரசிட்டமோல் கொடுக்கிறார்கள். குறையவில்லையென்று கடையில் பனடோலும் வாங்கிப் போடுகிறார்கள். பேர்தான் வேறு, மருந்து ஒன்றே என்று எல்லோருக்கும் சொல்லி வருகிறோம். அளவு மிஞ்சினால் ஈரல் கெடும், உயிரும் போகலாம். முதல் நாளில் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து.

பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு தடவைக்கு 2, 24 மணித்தியாலத்தில் 8. அதற்குமேல் கூடவே கூடாது. மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு. இடையில் 4 மணித்தியாலமாவது போகணும். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு; பெரியவங்க மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீங்க.

மருந்து உறையில் பேரும் வேளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கூடுதலாகப் போட்டது தெரிந்தால், சுகமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு.