மௌனம் சம்மதமா?

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் தலைகுனிந்து பேசாமல் நின்றால், "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று சொல்லிப் பெரியவர்கள் தட்டை மாற்றிக்கொள்வது ஒரு காலத்தில் நம்மவர் வழக்கம். அந்தப் பெண்ணை யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. இன்று இணையச் சேவை நிறுவனங்கள் நம்மிடம் சம்மதம் பெறும் முறையும் ஏறக்குறைய இதுவேதான்.

ஒரு சேவையில் சேரும்போது நாம் ஒரு நிபந்தனைப் பத்திரத்துக்கு இசைகிறோம். நம்முடைய விவரங்களில் எவை எடுக்கப்படும், யாருக்குக் கொடுக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கும். கூடவே, 'இக்கொள்கையை நாங்கள் மாற்றலாம். அதன் பிறகும் நீங்கள் சேவையைப் பயன்படுத்தினால், மாற்றத்தை ஏற்றதாகக் கொள்ளப்படும்' என்ற பொருளில் ஒரு வாசகமும் பெரும்பாலும் இருக்கும். வாடகை வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைத் தாமே திருத்திக் கதவில் ஒட்டிவிட்டு, "இன்றிரவு நீங்கள் இங்கே படுத்து உறங்கினால் சம்மதம் என்று பொருள்" என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா?

நாம் அனைவரும் அறிந்த வாட்ஸ்அப்பின் கதையைப் பார்ப்போம். 2014-இல் பேஸ்புக் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியபோது, பயனாளர்களுக்கு எதுவும் மாறாது என்று சொல்லப்பட்டது. 2016 ஆகஸ்டில் கொள்கை மாறியது. தொலைபேசி எண் உள்ளிட்ட விவரங்கள் பேஸ்புக்குக்குச் செல்லும் என்றார்கள். விளம்பரத்துக்காக அவற்றைப் பயன்படுத்துவதை மறுக்கப் பழைய பயனாளர்களுக்கு 30 நாள் தவணை கிடைத்தது. ஆனால் மறுக்க வேண்டிய கட்டமோ, 'மேலும் படிக்க' என்பதைத் தட்டினால்தான் கண்ணில் படும். அதிலும் 'சம்மதம்' என்ற குறி முன்கூட்டியே இடப்பட்டிருந்தது! கொள்முதலின்போது தவறான தகவல் தந்ததற்காக ஐரோப்பிய ஆணையம் 2017-இல் பேஸ்புக்குக்கு 11 கோடி யூரோ அபராதம் விதித்தது.

2021 ஜனவரியில் மறுபடியும் ஓர் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 8-க்குள் புதிய கொள்கையை ஏற்காவிட்டால் சேவை இல்லை என்பது அதன் சாரம். அந்த நாள்களில் தோ பாயோவில் இருக்கும் என் பெரியம்மா கைப்பேசியை நீட்டி, "தம்பி, இதை அமுக்காவிட்டால் பேத்தி படம் வராதாமே, அமுக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை நான் சொல்ல முயன்றேன். அவருக்கு வேண்டியது பேத்தியின் முகம். மறுத்தால் உறவே அறுந்துபோகும் என்ற நிலையில் பெறுவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

நண்பர்களோடு பேசுவதையெல்லாம் நிறுவனம் படிக்கப் போகிறது என்று அப்போது பலர் அஞ்சினர், அது தவறு. மாற்றம் பெரும்பாலும் வணிக நிறுவனங்களுடன் நடத்தும் உரையாடலைப் பற்றியது. ஆயினும் கோடிக்கணக்கானோர் டெலிகிராம், சிக்னல் ஆகியவற்றில் போய்ச் சேர்ந்தனர். தவணை மே 15-க்குத் தள்ளிப் போடப்பட்டது. ஏற்காதவர்களின் கணக்கு முடக்கப்படாது என்றும் அந்த மாதமே நிறுவனம் சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டமாக எழுந்து போனால்தான் காதில் விழுகிறது போலும்.

சரி, மௌனத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பாவில் மௌனம் சம்மதமாகாது. முன்கூட்டியே குறியிட்ட கட்டமும் செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. நம் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ 2021 பிப்ரவரி 1 முதல் வேறு வழியில் செல்கிறது. நம் விவரங்களை ஒரு புதிய காரியத்துக்குப் பயன்படுத்த விரும்பும் நிறுவனம், அதனால் நமக்குக் கேடு வராது என்று முதலில் மதிப்பிட வேண்டும். பிறகு நமக்கு அறிவித்து, மறுக்க நியாயமான காலமும் வழியும் தர வேண்டும். அக்காலத்துக்குள் நாம் மறுக்காவிட்டால் சம்மதித்ததாகவே கொள்ளலாம். எத்தனை நாள் என்று சட்டம் வரையறுக்கவில்லை. விளம்பரச் செய்தி அனுப்புவதற்கு மட்டும் இவ்வழி செல்லாது.

ஆகவே, படிக்காமல் தள்ளிவிடும் மின்னஞ்சலுக்குள் நம் 'சம்மதம்' உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் இதே சட்டத்தின்படி, கொடுத்ததாகக் கருதப்பட்ட சம்மதத்தையும் எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்புக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். நிறுவனம் அதைத் தடுக்கக் கூடாது. அதனால் எந்தச் சேவை நிற்கும் என்பதைச் சொல்ல மட்டும் வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென ஒருவரையாவது பொறுப்பாக நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தை வெளியிட வேண்டும். கடிதத்தில் உங்கள் பெயர், உறுப்பினர் எண், எந்தக் காரியத்துக்கான சம்மதத்தை மீட்டுக்கொள்கிறீர்கள் என்பது, தேதி ஆகியவை இருந்தால் போதும். ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா இன்னமும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார். ஆனால், வாங்கும் பொருள்களின் கணக்கை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சென்ற மாதம் ஒரு கடையிலிருந்து தாள் வந்தபோது, வேண்டாம் என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன், அவர் தமிழில் கையெழுத்திட்டார்.