உங்களுக்குத் தெரியுமா?

மலேசியாவின் குளுவாங் வட்டாரக் கம்பங்களில் (கிராமங்களில்) இன்று பார்க்கும் கிளினிக் டெசா எனும் கிராம கிளினிக், மருத்துவச்சியின் வீட்டோடு சேர்ந்த கிளினிக்கிலிருந்து வளர்ந்த அமைப்பு!

• அன்று ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் கிளினிக், மறுபக்கம் மருத்துவச்சியின் குடியிருப்பு. சுமார் 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என்பது மலேசிய அரசின் அன்றைய திட்டம். நள்ளிரவில் இடுப்புவலி கண்டாலும் கதவைத் தட்டினால் போதும்.

• 1970களில் அந்த மருத்துவச்சிகளை அரசு ஒதுக்கிவிடவில்லை. கூடுதல் பயிற்சி கொடுத்து கிராமத் தாதியர் ஆக்கியது. பிரசவத்தோடு தடுப்பூசி, குழந்தை நலம், சிறு நோய்களுக்கு மருந்து என வேலையும் விரிந்தது. அருமையான ஏற்பாடு!

• கிராமங்களுக்கு மருத்துவர் கிடைக்க மற்ற நாடுகளும் வழி தேடின. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1972இல். அங்கே படித்தவர்கள் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, பொதுவாக 9 ஆண்டு பணியாற்றினால் படிப்புக் கடன் தள்ளுபடி.

• கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து மருத்துவத் துறைப் படிப்புகளில் இடம் கொடுங்கள் என்று 2010இல் பரிந்துரைத்தது உலக சுகாதார நிறுவனம்.