‘பாதுகாப்பற்ற இணைப்பு’: சங்கத் தளங்களில் பழுதறியும் முறை

கைத்தறிச் சேலையும் பத்தமடைப் பாயும் கடைவீதியில் மட்டுமன்றி இணையதளத்தின் வழியாகவும் விலைபோகும் காலம் இது. தாமிரவருணிக் கரையிலுள்ள ஒரு சங்கத்தின் தளத்தை வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் திறக்கிறார் என்று கொள்வோம். சரக்கு கண்ணில் படுமுன், ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்ற எச்சரிக்கை தோன்றுகிறது. அவர் திரும்பிவிடுகிறார், நெய்தவரின் உழைப்பு விற்காமல் தங்குகிறது. ‘பரவாயில்லை, எச்சரிக்கையைத் தாண்டி வாருங்கள்’ என்று அவருக்குச் சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அது கேடு பயக்கும்.

சான்றிதழ் என்பது யாது?

சங்கத்தின் தராசுக்கு அரசாங்கத்தார் முத்திரையிடுவதை அங்கத்தினர் அறிவர். அம்முத்திரை நெல்லின் தரத்தைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. தராசு சரியானது என்பதை மட்டுமே கூறுகிறது. அதற்குக் கெடுவும் உண்டு. இணையதளச் சான்றிதழும் அத்தகையதே. ‘இப்பெயருடைய தளம் இதுவே’ என்று அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று கையொப்பமிடுகிறது. அதை நம்பியே வாங்குபவரின் உலாவியும் நமது சர்வரும் பிறர் அறியாவண்ணம் செய்தி பரிமாறிக்கொள்கின்றன.

பழுது காணும் வரிசை

முதலாவது, எச்சரிக்கை ஒரே கணினியில் மட்டும் தோன்றுமாயின், அதன் தேதியைப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் சிறு பாட்டரி தேய்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும்.

இரண்டாவது, எல்லோருக்கும் தோன்றுமாயின், சான்றிதழின் கெடு முடிந்ததா என்று காண்க. புதுப்பித்த பின்னரும் எச்சரிக்கை நீடிப்பதுண்டு. சர்வர் பழைய சான்றிதழையே நினைவில் வைத்திருப்பது அதற்குக் காரணமாகலாம். சர்வர் மென்பொருளை மீண்டும் தொடங்கினால் சரியாகும்.

மூன்றாவது, பெயர்ப் பொருத்தம். முகவரியின் முன்னே ‘டபிள்யூ’ மூன்று சேர்ந்த வடிவமும் சேராத வடிவமும் இரு வேறு பெயர்களே. சான்றிதழில் இரண்டும் இடம்பெற வேண்டும்.

நான்காவது, இடைநிலைச் சான்றிதழ். கன்னடியன் அணைக்கட்டில் நீர் நிறைந்திருந்தாலும், இடையிலுள்ள மடை அடைபட்டால் வயலுக்கு நீர் வாராது. அதுபோல, மூலச் சான்றிதழுக்கும் நமது சான்றிதழுக்கும் நடுவிலுள்ளதைச் சர்வர் உடன் அனுப்பாவிடில் நம்பிக்கைத் தொடர் அறுபடும். சில கணினிகள் அதனைத் தாமே தேடிக்கொள்ளும்; பல கைப்பேசிகள் தேடா. ஓரிடத்தில் திறந்து மற்றோரிடத்தில் மறுக்கப்படுமாயின் இதனையே முதலில் ஐயுறுக.

எச்சரிக்கையை ஏன் புறக்கணித்தலாகாது?

பெரும்பாலும் பழுது நமது கவனக்குறைவே. எனினும் எப்பொழுதும் அவ்வாறன்று. 2014 ஜூலையில், இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பின் வழியாக, கூகுள் நிறுவனத்தின் முகவரிகளுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிப்பட்டமை கண்டறியப்பட்டது. சான்றளிப்போரைக் கண்காணிக்கும் இந்தியக் கட்டுப்பாட்டு அதிகாரி அம்மையத்தின் சான்றிதழ்களை ரத்துச் செய்தார். போலித் தளமும் பணம் கேட்கும். எச்சரிக்கையைத் தாண்டப் பழகிய வாடிக்கையாளருக்கு அன்று காவல் இராது.

சங்கத்தின் கடமை

சான்றிதழின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என உச்சவரம்பு விதிக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கொரு முறை நினைவுகூர்ந்து புதுப்பிக்கும் வழக்கம் இனிச் செல்லாது. தானே புதுப்பிக்கும் ஏற்பாடு தேவை. கட்டணமின்றிச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, கெடுவை நினைவூட்டும் மின்னஞ்சலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே கெடுநாளைச் சங்கப் பதிவேட்டில் எழுதிவைத்துக் காரியதரிசி மாதந்தோறும் பார்வையிடுதல் நலம். சர்வரின் ரகசியத் திறவுகோலைப் பெட்டகச் சாவிபோல் காக்க வேண்டும். அதனைக் கையாண்ட ஊழியர் விலகும்பொழுது திறவுகோலையும் சான்றிதழையும் மாற்றிவிட வேண்டும். தளம் ஒருவருடையதன்று, அங்கத்தினர் அனைவரின் கடைவாயில் அதுவே.