குடுமியான்மலையைக் கம்ப்யூட்டர் ஏன் தப்பாக வெட்டுகிறது?

மளிகைக் கடை பில்லில் 'கடலைப்பருப்ப' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பில் வந்தது. "அந்த 'பு'வைக் கடைக்காரரே வெச்சுக்கிட்டாரா?" என்று கேட்டார் அம்மா.

கடைக்காரர் மேல் தப்பில்லை. பில் போடும் புரோகிராமில் பொருளின் பெயருக்கு 12 இடம் ஒதுக்கியிருந்தால் இப்படித்தான் வரும். கடலைப்பருப்பில் நாம் எண்ணினால் 8 எழுத்து. கம்ப்யூட்டர் எண்ணினால் 13. பன்னிரண்டோடு அது கத்தரியைப் போட, கடைசி 'பு'வின் உகரம் மட்டும் வெட்டுப்பட்டது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்த சமாசாரம்தான். அவர்கள் படிக்கும் பைத்தான் மொழியில் எழுத்துகளின் தொடரை 'ஸ்டிரிங்' என்பார்கள். தமிழ்ப் பாடநூலில் அதன் பெயர் 'சரம்'. பூக்காரம்மா பூச்சரத்தை முழம் போட்டு வெட்டுவதுபோல, இந்தச் சரத்தையும் சம அளவில் வெட்டுவது ஆரம்பக்காரர்களுக்கான பழைய பயிற்சி. பூஜ்யத்திலிருந்து தொடங்கி 4, 8, 12 எனத் தாவித் தாவி, ஒவ்வொரு தாவலிலும் நான்கை வெட்டி எடுக்க வேண்டும். கடைசித் துண்டு குட்டையாக வந்தால் பாதகமில்லை. பைத்தான் 3.12-ல் இதற்கென்றே 'பேட்ச்டு' என்ற ரெடிமேட் வசதியும் வந்துவிட்டது.

12 இலக்க ஆதார் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், நான்கு நான்காக அழகாகப் பிரியும். சரி, நம் ஊர்ப் பெயரைக் கொடுப்போம் என்று 'புதுக்கோட்டை'யைக் கொடுத்தேன். புது, க்கோ, ட்டை. பிரமாதம்! திருமயமும் தப்பித்தது, அறந்தாங்கியும் தப்பித்தது. அடுத்து குடுமியான்மலை. குடு, மியா, ன்மல... கடைசியில் 'ை' என்ற இணைக்கொம்பு மட்டும், சேர எழுத்தில்லாமல், தனியே நின்றது.

முதல் மூன்று ஊர்களும் தப்பித்தது அதிர்ஷ்டத்தால். நான்குக்குப் பதில் மூன்று மூன்றாக வெட்டச் சொன்னால் புதுக்கோட்டையும் உடைந்துவிடும்.

குடுமியான்மலை இதில் மாட்டியதுதான் வேடிக்கை. நான்கு நான்காகப் பிரித்து எழுதுவதற்கே பேர்போன ஊர் அது! புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். அங்கே மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்று பலரும் சொன்னாலும், அதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1904-ல் கல்வெட்டுத் துறையின் கிருஷ்ண சாஸ்திரி கண்டறிந்தார். பின்னர் பண்டார்கர் அதைப் படித்து 'எபிகிராஃபியா இண்டிகா'வில் வெளியிட்டார்.

பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு பிரிவுகள். வரிக்கு 16 தொகுதிகள். தொகுதிக்கு 4 ஸ்வரங்கள். ஆக, ஒரு வரியில் 64. ஒரு வரியின் தொகுதிகள் எல்லாம் ஒரே ஸ்வரத்தில் முடிகின்றன. ஓர் இடம் நகர்த்தி வெட்டினாலும் அந்த முடிவு தவறிவிடும். அங்கே ஸ்வரங்கள் ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகின்றன. சிற்பிக்கு 'ரி' என்பது ஒன்று. கம்ப்யூட்டருக்கு 'ர' ஒன்று, அதன் மேல் கொக்கி இன்னொன்று, மொத்தம் இரண்டு.

விளையாட்டாக, 'சரிகமசரிகம' என்று நாமே எழுதி நான்கு நான்காக வெட்டச் சொல்லுங்கள். 'சரிக', 'மசரி', 'கம' என்று வரும். எழுத்து எதுவும் உடையவில்லை. தாளம்தான் போச்சு.

காரணம் யூனிகோடு. தமிழின் 247 எழுத்துகளுக்கும் அதில் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துகளுக்கும் அகரம் ஏறிய மெய்களுக்கும் எண் உண்டு. துணைக்கால், கொம்பு, மெய்ப்புள்ளி எல்லாம் தனித்தனி எண்களோடு பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' முறையை யூனிகோடுக்கு மாற்றாக 2010-ல் தமிழக அரசு அங்கீகரித்தது. ஆனால் நம் போன்களில் புழங்குவது யூனிகோடுதான்.

இது நம் பர்ஸையும் தொடும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70. செய்தி அதைத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாக்கி அனுப்பி, போனில் ஒட்டவைப்பார்கள். அந்த எழுபதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம் போய்விடும். மொத்தமாக எஸ்.எம்.எஸ் அனுப்பும் சின்னக் கடைகளுக்குத் துண்டுக்குத் துண்டு காசு.

எழுத்து உடையாமல் இருக்க வழி சுலபம். வெட்டுவதற்கு முன் சரத்தை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வருவது கொம்போ, காலோ, புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். ஒட்டி முடித்த பட்டியலைத்தான் நான்கு நான்காக வெட்ட வேண்டும். இதை நாமே பத்து வரியில் எழுதலாம். சோம்பலாக இருந்தால், முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கி இலவசமாகத் தரும் 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பில் தயாராகவே இருக்கிறது. ('க்ஷ' வந்தால் ஒன்றா, இரண்டா என்பது தனிப் பஞ்சாயத்து!)

அப்படி ஒட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். 'குடுமியா', 'ன்மலை' என்று வந்தது. ஏழு எழுத்து, நான்கும் மூன்றும். அடுத்து 'சரிகமசரிகம'வைக் கொடுத்தேன். 'சரிகம', 'சரிகம', மிச்சம் ஒன்றுமில்லை.